கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு: இளைஞர்களாகிய நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கண்ணகி நகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பதினொரு பேர், சென்னை கண்ணகி நகரிலேயே வளர்ந்தவர்கள். சிலர் கல்லூரியில் படிக்கிறோம், சிலர் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில் வேலை பார்க்கிறோம். மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரத் தொடங்கிய எங்களை, பாடத்தைவிடப் பிள்ளைகளின் வயிறுதான் இப்போது அதிகம் கவலைப்பட வைக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் டீயும் பன்னும் என்கிறார்கள். மாலையில் படிக்க வரும்போது கையில் ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட் இருக்கிறது. எங்கள் பகுதியில் கபடி ஆடும் பெண் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்தாள். மருத்துவர் இரத்தச்சோகை என்று சொன்ன அன்றுதான் இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. 15,000-க்கும் அதிகமான வீடுகள் இருக்கின்றன. வீடு இங்கே மாறியதே தவிர வேலை மாறவில்லை. எங்கள் அம்மாக்களில் பலர் இன்றும் விடியற்காலையில் பேருந்து பிடித்து, முன்பு குடியிருந்த பகுதிகளுக்கே வீட்டு வேலைக்குப் போகிறார்கள். காய்கறித் தள்ளுவண்டிகள் எங்கள் தெருவுக்கு வரும்போது அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. இரவு ஏழு, எட்டு மணிக்குத் திரும்பும்போது வதங்கிப்போன கத்தரிக்காயும் ஒடிந்த முருங்கைக்காயும்தான் மிஞ்சியிருக்கும். குளிர்பதனப் பெட்டி வைக்க இடமில்லாத வீட்டில் மூன்று நாளுக்குச் சேர்த்து வாங்கவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு பிளாக்கின் கீழும் இருக்கும் பெட்டிக்கடையில் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அந்தக் கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும்.

எங்களுக்குள் மூன்று விதமான கருத்துகள் உள்ளன. நாங்களே பணம் போட்டு, குறைந்த விலையில் காய்கறிக் கடை நடத்தலாம் என்கிறார்கள் சிலர். பள்ளி வாசலில் பாக்கெட் தின்பண்டங்களை விற்பதைத் தடுக்க மனு கொடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம் என்பது மூன்றாவது கருத்து. எங்களுக்குக் கிடைப்பது மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே. அந்த நேரத்தை எதில் செலவிட்டால் பிள்ளைகளின் தட்டில் உண்மையாகவே ஏதாவது மாறும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்

தம்பி, வணக்கம். முப்பது ஆண்டுகள் சத்துணவு மையத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பேரணியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கீரை நல்லது என்பது உங்கள் அம்மாக்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? கீரையை ஆய்வதற்கு நேரமும், அது கிடைக்கும் வேளையில் வீட்டில் இருக்கும் வசதியும்தான் அவர்களுக்கு இல்லை. விழிப்புணர்வு என்று தொடங்கினால், குற்றம் தாயின்மேல் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்வதாக ஆகிவிடும்.

முதலில், அரசு ஏற்கெனவே தர ஒப்புக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்கு முழுமையாக வந்து சேருகிறதா என்று பாருங்கள். 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அதில் முட்டை கிடையாது. 1989-இல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை வந்தது. பின்னர் வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடி, 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. இவ்வளவு இருந்தும், பெரிய வகுப்புக்குப் போனதும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, பசியோடு உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தைப் போக்க என் போன்ற அமைப்பாளரால் முடியாது. அதே பள்ளியில் படித்து, அதே சோற்றைச் சாப்பிட்டு, இன்று கல்லூரிக்குப் போகும் ஓர் அக்கா அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் முடியும்.

அடுத்து, எந்த வகுப்போடு எது நின்றுபோகிறது என்று பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பூப்பெய்தி, உடம்பு வளர்ந்து, இரும்புச்சத்து மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில் பெண் பிள்ளைக்குக் காலை உணவு இல்லை. பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் மதிய உணவும் இல்லை. மயங்கி விழுந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வியப்பு ஏற்படவில்லை, வேதனைதான் ஏற்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும் என்பதால் பல பிள்ளைகள் அதைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் எறிந்துவிடுகிறார்கள். காலை உணவு இல்லாததால் மாத்திரையும் வீணாகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர உதவும். மாலைப் பாட வேளையில் உங்களால் செய்ய முடிந்த விழிப்புணர்வு இந்த அளவுக்குப் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழு 2024-இல் மாற்றியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். உங்கள் பதினொரு பேரில் எத்தனை பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்? வெளியே நின்று கோஷம் போடுவதைவிட, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, “ஐந்தாம் வகுப்புக்கு மேலும் காலை உணவு வேண்டும்” என்று தீர்மானம் எழுத வைப்பதற்கு வலு அதிகம்.

பதில் 2: கோயம்பேட்டுக் காய்கறிக்காரர் மகன்

அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கடை நடத்தும் யோசனையைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

நண்பரே, தயவு செய்து கடை போடாதீர்கள். அதிகாலை இரண்டு மணிக்குக் கோயம்பேட்டுக்குப் போய், பெட்டியைத் திறந்து அடியில் கிடக்கும் தக்காளியைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். வாங்கிய சரக்கில் எது அன்றே விற்க வேண்டியது, எது மறுநாள் தாங்கும் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். மழை நாளில் மிஞ்சியதை என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்க வேண்டும். இவையெல்லாம் என் அப்பாவுக்கே பல ஆண்டு நட்டத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது. கல்லூரிப் பிள்ளைகள் நடத்தும் மலிவு விலைக் கடை, தேர்வு வரும் மாதத்தில் மூடப்படும். அதற்குள் உங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த தள்ளுவண்டி அம்மா வியாபாரம் குறைந்து வேறு பக்கம் போயிருப்பார். இருந்ததும் போய்விடும்.

உங்கள் பகுதியில் காய்கறி வருகிறது, வேளை தவறி வருகிறது என்பதே நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது. அப்படியானால் வண்டிகளை மாலைக்கு மாற்ற என்ன தடை என்று அந்த வியாபாரிகளிடமே கேளுங்கள். நான் பார்த்தவரை மூன்று தடைகள் இருக்கும். காலையில் எடுத்த சரக்கை மாலை வரை வைக்க நிழல் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் நின்றால் விரட்டுகிறார்கள். ஒருவருக்காக ஒரு சுமை ஆட்டோ பிடித்தால் வாடகைக்கே கட்டுப்படி ஆவதில்லை. மூன்றாவதற்கு வழி எளிது: நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆட்டோவில் சரக்கு ஏற்றினால், கூறு கட்டி விற்கும்போது கூறுக்கு இரண்டு காய் கூட வைக்க முடியும். ஆளைச் சேர்ப்பதும் கணக்கு எழுதுவதும் இளைஞர்கள் செய்யக்கூடிய வேலைதான்.

நிற்கும் இடத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் வந்து, வியாபாரி என்ற அடையாள அட்டை கையில் இருந்தால்தான் இடம் கேட்க முடியும், கடன் திட்டத்துக்கும் போக முடியும். உங்கள் தெருவுக்கு வரும் வண்டிக்காரர்களில் எத்தனை பேரிடம் அந்த அட்டை இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அதன் பிறகு, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை விற்பனை இடம் வேண்டும் என்று அவர்களே கேட்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: கண்ணகி நகர்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் நேற்று பேசினோம். மாலையில் நின்றால் விரட்டுகிறார்கள் என்பதையே அவரும் முதலில் சொன்னார். அடையாள அட்டை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கடை யோசனையை நாங்கள் கைவிட்டுவிட்டோம்.

பள்ளி வாசலில் விற்பதைப் பற்றி இன்னும் தெளிவு வரவில்லை. எங்களில் இருவர் உடனே உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது விளக்க முடியுமா?

பதில் 3: செங்கல்பட்டு வழக்கறிஞர்

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பாதுகாப்பான உணவு குறித்து 2020-இல் வெளியிடப்பட்ட ஒழுங்குமுறைகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுப் பொருள்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளோ, பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. விளம்பரமும் செய்யக் கூடாது. புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்க இடமிருக்கிறது.

ஆனாலும் முதல் அடியாகப் புகார் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டிக்கடையை நடத்துபவர் யார்? நான் சென்று பார்த்த மறுகுடியமர்வுப் பகுதிகளில் பெரும்பாலும் கணவரை இழந்தவர்களும், தொலைவுக்கு வேலைக்குப் போக முடியாத முதிய பெண்களும்தான் அந்தக் கடைகளை நடத்துகிறார்கள். உங்களைப் போலவே அவர்களும் இடம்பெயர்க்கப்பட்டவர்கள். அதிகாரி வந்து சரக்கை அள்ளிக்கொண்டு போனால் அந்தக் குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு போய்விடும். பாக்கெட் தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் அறுபதாவது மீட்டரில் அதே சரம் தொங்கும். உங்கள் பேச்சைத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பாக்கெட் ஏன் விற்கப்படுகிறது என்று அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். கெட்டுப்போகாது, கடைக்கே கொண்டுவந்து தருகிறார்கள், சில்லறையாக ஐந்து ரூபாய்க்கு விற்க முடிகிறது. இந்த மூன்று வசதிகளும் வேர்க்கடலை உருண்டைக்கும் பொரிகடலைக்கும் இருக்கின்றன. அவித்த முட்டையும் சுண்டலும் அன்றே விற்றாக வேண்டியவை என்றாலும், பள்ளி விடும் நேரமும் உங்கள் மாலைப் பாட நேரமும் அவருக்கு உறுதியான வியாபார வேளைகள். பாடம் படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுப்பதாக நீங்கள் ஒப்புக்கொண்டால், இரண்டு கடைகளாவது மாறிப் பார்க்கத் துணியும். அதன் பிறகு தலைமை ஆசிரியரிடமும் மேலாண்மைக் குழுவிடமும் 50 மீட்டர் விதியைச் சொல்லி, வாயிலுக்கு அருகில் இருக்கும் கடைகளுக்கு அவகாசம் கொடுத்து அறிவிப்பு வைக்கச் சொல்லலாம். விளம்பரப் பலகை இருந்தால் அதை அகற்றக் கேட்டு மனு கொடுக்கத் தயங்கவே வேண்டாம். அதனால் எந்தப் பெண்ணின் பிழைப்பும் கெடாது.

பதில் 4: பிலடெல்பியாத் தமிழர்

நான் பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்க்கிறேன். இந்த ஊர் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், இங்கே பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடம் உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஏழைக் குடியிருப்புகளில் நல்ல கடை இல்லாததுதான் நோய்க்குக் காரணம் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். அரசு நிதியுதவியோடு பல இடங்களில் பெரிய மளிகை அங்காடிகள் திறக்கப்பட்டன. பிலடெல்பியாவில் அப்படி ஓர் அங்காடி திறந்த பிறகு என்ன நடந்தது என்று ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். நல்ல உணவு அருகில் கிடைக்கிறது என்ற எண்ணம் மக்களிடம் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் உண்ணும் காய்கறி, பழத்தின் அளவு குறிப்பிடத்தக்க விதத்தில் கூடவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் தெற்குப் பகுதியில் புதிய துரித உணவகங்களுக்கு 2008-இல் தடை போட்டார்கள். அங்கும் உடல் பருமன் குறையவில்லை என்று 2015-இல் வந்த ஆய்வு சொன்னது. கடையைத் திறப்பதும் கடையை மூடுவதும் மட்டுமே போதவில்லை. கையில் இருக்கும் பணமும் சமைக்கக் கிடைக்கும் நேரமும் மாறாதபோது, பக்கத்தில் அங்காடி வந்தாலும் மக்கள் பழையபடிதான் வாங்குகிறார்கள். முன்னால் எழுதிய மூவரும் தங்கள் அனுபவத்திலிருந்தே இந்த இடத்துக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

இளைஞர்கள் செய்து, பலித்த வேலைகளும் உண்டு. 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், ஒரு தேவாலயக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளிடம் பொருள் கேட்டு வாங்கினார்கள். சத்துணவு தெரிந்தவர்களிடம் கேட்டு உணவுப் பட்டியல் போட்டார்கள். தாய்மார்களும் சேர்ந்து சமைத்தார்கள். ஓராண்டுக்குள் பல நகரங்களுக்கு அது பரவியது. அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1966-இலிருந்தே சோதனை அளவில் இருந்தது; 1975-இல்தான் அது நிரந்தரமானது. இளைஞர்களின் காலை உணவு மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பசியோடு வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நாடு கண்ணால் பார்க்கும்படி செய்தவர்கள் அவர்கள்.

இங்கிலாந்தில் 2020 ஜூன் மாதத்தில், அப்போது 22 வயதான கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்போர்டு, சிறுவயதில் தாமே பள்ளி உணவை நம்பி வளர்ந்ததை எழுதி, கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு உணவு உதவி வேண்டும் என்று கேட்டார். மறுத்திருந்த அரசு அடுத்த நாளே மனம் மாறியது. அவர் எழுதியதில் பெரிய கொள்கை விளக்கம் எதுவும் இல்லை. தம் தாய் எத்தனை மணி நேரம் உழைத்தும் போதவில்லை என்று எழுதியிருந்தார். உங்கள் அம்மாக்கள் எத்தனை மணிக்கு எந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள் என்பதை நீங்களும் எழுதுங்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்

மீண்டும் வந்து எழுதுகிறேன், ஏனென்றால் ரேஷன் கடையைப் பற்றி நாம் யாருமே பேசவில்லை. நம் மாநிலத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொது விநியோகம் உண்டு. அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கப்படுகின்றன. அரிசி எப்படியும் வந்துவிடும். மாதக் கடைசியில் “பருப்பு வரவில்லை” என்று திருப்பி அனுப்பப்படும் குடும்பங்கள் எத்தனை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பிள்ளைக்குப் புரதம் தருவது அந்தப் பருப்புதான். வெளிக்கடை விலைக்கு வாங்க முடியாத வீட்டில் அந்த மாதம் சாம்பார் தண்ணீராகிவிடும். 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ளும் முறை வந்தது. சென்னையின் குடியிருப்புகளுக்கும் அதைத் தாருங்கள் என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ் விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய் முந்தின இரவே காய்ச்சி வைத்துவிட்டுப் போகக்கூடிய உணவு. காலையில் பிள்ளையே மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துக்கொள்ளும்.

கணக்கு கையில் இல்லாமல் எங்கும் போகாதீர்கள். “பருப்பு சரியாக வருவதில்லை” என்றால் அலுவலகத்தில் சிரித்து அனுப்பிவிடுவார்கள். இன்ன மாதம், இன்ன தேதி, இத்தனை அட்டைதாரர்கள் கேட்டு இல்லையென்று திரும்பினார்கள் என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கண்ணகி நகர்வாசி

நேற்று இரவு எல்லோரும் உட்கார்ந்து இந்தப் பதில்களை உரக்கப் படித்தோம். புகார் கொடுக்க வேண்டும் என்று சொன்ன இருவரும், முதலில் கடைக்கார அம்மாவிடம் பேசிப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருடைய பாட்டியே ஒரு காலத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்று பேர் ரேஷன் கடை நோட்டு எழுதுகிறோம். நான்கு பேர் வியாபாரிகளின் அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். அந்தப் பள்ளியிலேயே படித்த மூன்று பெண்கள், தலைமை ஆசிரியர் அனுமதித்தால், வாரம் ஒருநாள் மதிய உணவு வேளையில் பிள்ளைகளோடு இருப்பார்கள். மேலாண்மைக் குழுவில் இடம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். மாலைச் சுண்டல் என் பொறுப்பு. வார்டு மக்கள் கூடும் பகுதி சபை நடக்கும்போது ஐந்தாம் வகுப்புக்கு மேலான காலை உணவையும் கேழ்வரகையும் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அமைப்பாளர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: ரேஷன் கடை நோட்டில் என்னென்ன பத்திகள் போட வேண்டும்?

பதில் 6: ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்

தேதி, கடை திறந்த நேரம், மூடிய நேரம், பருப்பு இருந்ததா, எண்ணெய் இருந்ததா, இல்லையென்று திரும்பியவர்கள் எத்தனை பேர், மறுபடி எந்தத் தேதியில் வரச் சொன்னார்கள். இவ்வளவு போதும். அட்டை எண்ணையும் பெயரையும் நோட்டில் எழுதாதீர்கள். யார் சொன்னார்கள் என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சங்கடம் வரும். கடையில் எடை போடுபவரிடம் முதல் நாளே நோட்டைக் காட்டி, நீங்கள் எழுதுவது அவருக்கு எதிராக அல்ல, அவருடைய கடைக்குச் சரக்கு முழுமையாக வர வேண்டும் என்பதற்காக என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் விடாமல் எழுதிய பிறகு, அந்தக் கடைக்கு அந்த மாதங்களில் அனுப்பிய பருப்பின் அளவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.